வாசகர் கேள்வி–பதில்: கடலோரத் தண்ணீரும் வீட்டு ஹீட்டரும்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ஹீட்டர் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம். தனியாகச் சொல்லாத இடங்களில் ஹீட்டர் என்பது, குளியலறைச் சுவரில் மாட்டும் தொட்டி வைத்த மின்சார ஹீட்டரைக் குறிக்கும்.

இரண்டு வருடத்தில் இரண்டு காயில் போய்விட்டது. போர் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பார்த்தால் 1,800 காட்டுகிறது. சாஃப்ட்னர் போட்டால் டிடிஎஸ் இறங்கிவிடும், காயிலும் போகாது என்கிறார் கடைக்காரர். போடலாமா?
— வாசகி, கீழக்கரை

சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை, இறக்காது. தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அதற்கு ஈடாக சோடியத்தை விடுவதுதான் அதன் வேலை. முன்னால் 1,800 என்றால் பின்னாலும் ஏறத்தாழ அதேதான் காட்டும். அதனால் பணத்தை எடுக்கும் முன் உங்கள் தண்ணீரில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம் பக்கத்து போர் தண்ணீரில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று கடினத்தன்மை. கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து, மிகச் சூடான இடத்தில், அதாவது காயிலின் மேல், வெள்ளைக் காரையாக ஒட்டும். காரை போர்த்திய காயிலின் சூடு தண்ணீருக்கு இறங்காமல் உள்ளேயே தங்கி, காயிலின் வெளி உலோக உறை வெடித்துவிடும். மற்றது குளோரைடு, கடல் உப்பின் பாதி. எவ்வளவு சூடாக்கினாலும் இது காரையாகப் படியாது. உலோகத்தை ஊசித்துளையாக அரிக்கும். டிடிஎஸ் மீட்டர் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை வைத்து எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வதால், அந்த 1,800-இல் எது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

கழற்றிய பழைய காயில் கையில் இருந்தால் அதுவே பாதி பதில் சொல்லும். விரல் கனத்துக்குக் காரை போர்த்தி, நடுவில் உறை பிளந்திருந்தால் கடினத்தன்மை. காரை குறைவாக இருந்து, செம்பு உறையில் பச்சை பூத்து, ஊசி முனை அளவுக்குத் துளை தெரிந்தால் குளோரைடு. இரண்டாவது வகைக்கு எவ்வளவு பெரிய சாஃப்ட்னர் போட்டாலும் பலன் இருக்காது. செம்பு உறைக்குப் பதில் இன்கலாய் 800 என்ற நிக்கல் கலப்பு உலோக உறை போட்ட காயில் கேட்டு வாங்குங்கள்.

மீதிப் பதிலுக்கு ராமநாதபுரத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரிய மாவட்ட ஆய்வகத்தில் சோதனைக்குக் கொடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய சுத்தமான பிளாஸ்டிக் கேனில் 2 லிட்டர், காற்று இடமில்லாமல் நிரப்பி அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். மொத்தக் கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு, சல்பேட், இரும்பு, பிஎச் ஆறும் வேண்டும் என்று சொல்லுங்கள். மே மாதம் ஒருமுறை, மழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை பார்த்தால் நல்லது. கடலோர மணலில் மழைநீர் மேலேயும் உவர் கீழேயும் நிற்பதால் இரண்டு எண்களும் நன்றாகவே வித்தியாசப்படும்.

அறிக்கை வந்ததும் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டில் எது சிறியதோ, ஏறத்தாழ அதுதான் சூட்டில் காரையாக விழக்கூடிய பங்கு. கடினத்தன்மை 700, காரத்தன்மை 250 என்றால் லிட்டருக்கு 250 மி.கி. தினம் 60 லிட்டர் வெந்நீர் எடுக்கும் வீட்டில் அது நாளுக்கு 15 கிராம், வருடத்துக்கு 5 கிலோவுக்கு மேல். எல்லாமும் படிவதில்லை. பத்தில் ஒரு பங்கு படிந்தாலே அரைக் கிலோ காரை ஆயிற்றே! குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 கடினத்தன்மையை 200 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை என்றும் வைத்திருக்கிறது. குளோரைடுக்கு அதே வகையில் 250, 1,000. இவை குடிப்பதற்கான வரம்புகள். ஹீட்டர் அந்த 600-க்கு வெகு முன்பே திணறத் தொடங்கிவிடும்.

ஸ்டீல் டேங்க் நல்லதா, கிளாஸ் லைனிங் டேங்க் நல்லதா? எங்கள் ஸ்டீல் டேங்க் மூன்றாம் வருடமே வெல்டிங் ஓரத்தில் கசிகிறது.
— வாசகர், மண்டபம்

வெல்டிங் ஓரத்தில் கசிந்தால் அது குளோரைடின் வேலை. 304 வகை ஸ்டீல், குளிர்ந்த தண்ணீரில் லிட்டருக்கு 200 மி.கி. குளோரைடு வரைதான் நிம்மதியாகத் தாங்கும். சூடு ஏற ஏற அந்த வரம்பு இறங்கும். வெல்டிங் பட்ட இடத்தில் இன்னும் கீழே. உங்கள் போரில் குளோரைடு 300, 400 இருந்தால் 304 டேங்க் எந்தக் கம்பெனி என்றாலும் இதே கதிதான். 316 வகை பல மடங்கு தாங்கும், ஆனால் வீட்டு ஹீட்டரில் கிடைப்பது அரிது.

எங்கள் பரிந்துரை கிளாஸ் லைனிங் டேங்க், கூடவே மக்னீசியம் ஆனோடு ராடு. கண்ணாடிப் பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கேயாவது இருக்கும். அங்கே டேங்கின் இரும்பு அரிக்காமல், அதற்குப் பதில் மக்னீசியம் தன்னைக் கரைத்துக்கொள்ளும். ராடு தீர்ந்த நாளிலிருந்து டேங்க் கரையத் தொடங்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், வேறு ஊரில் இரண்டு வருடம் வரும் ராடு இங்கே ஒரு வருடம்கூடத் தாங்காமல் போகலாம். புது ஹீட்டர் என்றால் ஆறாம் மாதத்தில் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கனம் பாதிக்குக் கீழே வந்திருந்தாலோ நடுக்கம்பி எங்காவது தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். கனம் குறையாமல் மேலே காரை போர்த்தியிருந்தால் அந்த ராடு வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து உலோகம் தெரியவிட்டு மாட்டுங்கள். ராடின் விலை டேங்க் விலையில் ஒரு சிறு பங்குதான். இதைத் தவறவிட்டு டேங்கை இழப்பவர்களே நம் பகுதியில் அதிகம்.

உத்தரவாத அட்டையை வாங்குவதற்கு முன்பே கேட்டுப் படியுங்கள். டிடிஎஸ், கடினத்தன்மை இவ்வளவுக்கு மேல் போனால் டேங்குக்குப் பொறுப்பில்லை என்ற வரி பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும்.

சேஃப்டி வால்விலிருந்து ஹீட்டர் ஓடும்போதெல்லாம் சொட்டுகிறது. பிளம்பர் ஒரு பிளக் போட்டு அடைத்துவிட்டார். சொட்டு நின்றது. சரிதானே?
— தங்கும் விடுதி நடத்துபவர், ராமேசுவரம்

சரியே இல்லை. இதைப் படித்து முடித்ததும் அந்த ஹீட்டரின் எம்சிபியை, அதாவது போர்டில் அதற்கான பிரேக்கரை, இறக்குங்கள். பிளக்கைக் கழற்றாமல் மறுபடி போட வேண்டாம்.

25 லிட்டர் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்கு ஏறினால் ஏறத்தாழ 400 மி.லி. பெருக்கும். தண்ணீர் நுழையும் இன்லெட்டில் என்ஆர்வி என்ற ஒருவழி வால்வு இருந்தால் அது பின்னால் போக முடியாது, வெந்நீர்க் குழாய் மூடியிருந்தால் முன்னாலும் போக முடியாது. அந்த 400 மி.லி. வெளியேறத்தான் அந்த வால்வு. சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டி, சூடானதும் நின்றால் வால்வு தன் வேலையைச் செய்கிறது. அதை அடைத்துவிட்டு, சூடு போதுமானதும் கரன்ட்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் ஒட்டிக்கொண்டால், டேங்க் வெடிப்பதைத் தடுக்க எதுவும் மிச்சமில்லை. விடுதியில் அந்தச் சுவருக்கு அடியில் நிற்கப்போவது வெளியூரிலிருந்து தீர்த்தமாட வந்த யாரோ ஒருவர்.

ஹீட்டர் அணைந்திருக்கும்போதும் சொட்டினால் இரண்டு காரணம். வால்வின் இருக்கையில் காரைத் துணுக்கு சிக்கியிருக்கலாம். நெம்புகோல் உள்ள வால்வானால் மாதம் ஒருமுறை தூக்கி விட்டால் துணுக்கு அடித்துக்கொண்டு போய்விடும், போகாவிட்டால் வால்வை மாற்றுங்கள். இல்லையென்றால் பிரஷர் பம்ப் அழுத்தம் ஹீட்டருக்கு அதிகம். மாடித் தொட்டியிலிருந்து மட்டும் வரும் தண்ணீரில் இந்தத் தொல்லை வராது; 10 மீட்டர் உயரம் என்றால்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம். பம்ப் வைத்த கட்டடத்தில் 8 பார் என்று அச்சிட்ட ஹீட்டரும் அதற்கேற்ற வால்வும் போடுங்கள். வால்விலிருந்து ஒரு பைப்பைக் கீழ்நோக்கி இறக்கி, தரைக்கு மேல் கண்ணுக்குத் தெரியும்படி விடுங்கள். அந்தப் பைப்பின் முனையில் குழாயோ மூடியோ கூடாது.

உச்சிப்புளியில் கடினத்தன்மை 600. வீட்டுக்கே சாஃப்ட்னர் போடுவதா, குளியலறைக்கு மட்டுமா?
— வாசகர், உச்சிப்புளி

ஹீட்டருக்கு மட்டும். காரணம் கணக்கில் இருக்கிறது. சாஃப்ட்னருக்குள் இருக்கும் குருணைதான் ரெசின்; ஒரு லிட்டர் ரெசின் ஏறத்தாழ 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1,250 கிராம். உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 0.6 கிராம் இருப்பதால் 2,080 லிட்டர் வரும். உப்பும் கூடிய தண்ணீரில் ரெசின் முழுத் திறனோடு வேலை செய்யாது. கால் பங்கு கழியுங்கள். மீதி 1,560 லிட்டர். வீடு முழுக்க நாளுக்கு 500 லிட்டர் என்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை ரெசினைக் கழுவ வேண்டும். ஒவ்வொரு கழுவலுக்கும் ரெசின் லிட்டருக்கு 150 கிராம் வீதம் ஏறத்தாழ 4 கிலோ உப்பு. மாதம் 40 கிலோ உப்பைக் கரைத்து வெளியே விடுவீர்கள். அது எங்கே போகும்? உங்கள் தென்னைக்கும், பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும்.

ஹீட்டருக்கு மட்டும் நாளுக்கு 100 லிட்டர் என்றால் 10 லிட்டர் ரெசின் போதும். ஆறு நாளுக்கு ஒருமுறை ஒன்றரைக் கிலோ உப்பு. 15 லிட்டர் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் மெதுவாக இறக்கி, பிறகு வெளியே வரும் தண்ணீரில் உவர்ப்பு போகும் வரை அலசுங்கள். அந்தக் கழிவைக் கிணற்றுப் பக்கமோ மழைநீர்க் குழியிலோ விடாதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். கடினத்தன்மையைப் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டாம். சாஃப்ட்னரைச் சுற்றிப் போகும் பைபாஸ் வால்வை லேசாகத் திறந்து 75 முதல் 100 வரை கலந்து விடுங்கள். முழுக்க மென்மையாக்கிய உப்புத் தண்ணீரில் ஆனோடு ராடு இன்னும் வேகமாகக் கரையும்.

பைப்பில் காந்தம் மாட்டினால் காரை பிடிக்காது என்று விற்கிறார்களே?
— வாசகர், திருப்புல்லாணி

கடினத்தன்மையை அது ஒரு மி.கி.கூடக் குறைக்காது. அந்தக் காசுக்கு இரண்டு ஆனோடு ராடு வாங்கிவையுங்கள்.

வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம். பச்சைத் தண்ணீரில் இல்லை.
— வாசகி, தொண்டி

டேங்குக்குள் இருக்கும் ஒருவகை பாக்டீரியா, தண்ணீரின் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகிறது. மக்னீசியம் ராடிலிருந்து வரும் ஹைட்ரஜன் அதற்கு உதவி செய்யும். வெதுவெதுப்பிலேயே நாள் கணக்கில் நிற்கும் டேங்கில்தான் இது வளரும். தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைத்து இரண்டு மணி நேரம் சூடாக்கி, எல்லா வெந்நீர்க் குழாயையும் திறந்து வடியவிடுங்கள். கை வெந்துவிடும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஒரு வாரத்தில் நாற்றம் திரும்பினால் மக்னீசியத்துக்குப் பதில் அலுமினியம்–துத்தநாக ராடு போடுங்கள். ராடே வேண்டாம் என்று கழற்றிவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. நாற்றம் போகும், டேங்கும் போகும்.

ஹீட்டரை வீட்டிலேயே சுத்தம் செய்ய முடியுமா? முறை சொல்லுங்கள்.
— வாசகர், பெரியபட்டினம்

ஸ்பானர் பிடித்துப் பழக்கமுள்ளவர் செய்யலாம். முன்கூட்டியே அந்த மாடலுக்கான புது கேஸ்கட், புது ஆனோடு ராடு, 500 கிராம் சிட்ரிக் ஆசிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கேஸ்கட்டை மறுபடி போட்டால் பத்துக்கு ஒன்பது முறை கசியும்.

சுவிட்சோடு நிற்காமல் எம்சிபியையும் இறக்குங்கள். டெஸ்டர் வைத்துப் பாருங்கள். தண்ணீர் ஆறட்டும். இன்லெட் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, இன்லெட் ஹோஸைக் கழற்றி வாளியில் வடியுங்கள். என்ஆர்வி தடுத்தால் அதையும் கழற்றினால்தான் வடியும். கீழ் மூடியைத் திறந்ததும் ஒயர்கள் எந்த முனையில் இருக்கின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். காயிலைத் தாங்கும் பிளேட்டின் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகத் தளர்த்துங்கள். காயிலோடு பிளேட் இறங்கும்போது கூடவே ஒரு கைப்பிடி காரையும் சேறும் விழும். முகத்தைக் கீழே வைக்காதீர்கள்.

காயிலைத் தட்டிக் காரை உதிர்க்கக் கூடாது. தட்டினால் உறை கீறும், கீறிய இடத்தில் குளோரைடு நுழையும். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில், ஒயர் முனைகள் நனையாதபடி காயிலை மட்டும் தொங்கவிடுங்கள். நுரை வரும். நுரை அடங்கியும் காரை மிச்சமிருந்தால் கரைசலை மாற்றுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் மரக்குச்சியால் வழித்தாலே வந்துவிடும். கழிப்பறை கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். காரையைச் சீக்கிரம் கரைக்கும், ஆனால் அதன் குளோரைடு ஸ்டீலின் இடுக்கில் தங்கி மறுநாளிலிருந்து அரிக்கும். தெர்மோஸ்டாட் நுழையும் மெல்லிய குழாயின் வெளிப்புறத்தையும் மறக்காமல் சுத்தம் செய்யுங்கள். அதில் காரை பிடித்தால் சூடு தாமதமாகத்தான் தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியும். தண்ணீர் அளவுக்கு மேல் கொதிக்கும்.

டேங்கின் உள்ளே வெறும் கையாலோ துணியாலோ வழித்து எடுங்கள்; கம்பி, உளி போனால் கண்ணாடிப் பூச்சு போய்விடும். திரும்ப மாட்டும்போதும் நட்டுகளைக் குறுக்கு மறுக்காகச் சமமாக இறுக்குங்கள். கடைசியாக ஒரு விதி: தண்ணீர் முதலில், கரன்ட் பிறகு. வெந்நீர்க் குழாயில் காற்றுச் சத்தம் நின்று சீராகத் தண்ணீர் விழும் வரை எம்சிபியைத் தொடாதீர்கள். காலி டேங்கில் கரன்ட் கொடுத்தால் புதுக் காயிலும் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

கடினத்தன்மை 400-க்கு மேல் என்றால் வருடம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். இடையில் ஹீட்டர் கொரகொரவென்று சத்தம் போட்டால் காத்திருக்காதீர்கள். காரைக்கு அடியில் தண்ணீர் கொதித்து ஆவியாகும் சத்தம் அது.

புது வீடு கட்டுகிறோம். போர் தண்ணீரும் காவிரிக் கூட்டுக் குடிநீரும் வருகிறது. ஹீட்டருக்கு எதைக் கொடுக்கலாம், பைப் எப்படிப் போட வேண்டும்? விதி ஏதாவது இருக்கிறதா?
— வாசகர், தேவிப்பட்டினம்

சுவர் எழும்பும் முன்பே கேட்டதற்கு நன்றி. இந்தப் பக்கத்துக்கு வரும் பாதிக் கேள்விகள் பைப் போடும்போதே தீர்ந்திருக்க வேண்டியவை. விதி இருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் பிளம்பிங் பகுதியும், ஐ.எஸ். 2065-உம் வெந்நீர் ஏற்பாட்டுக்கு வழிமுறை சொல்கின்றன. நம் ஊருக்கு முக்கியமான மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது, தொட்டியிலிருந்து ஹீட்டருக்கு வரும் பைப் வேறு எதற்கும் கிளை விடக் கூடாது. 20 மி.மீ. உள்விட்டத்துக்குக் குறையக் கூடாது. தொட்டியின் அடியிலிருந்து குறைந்தது 50 மி.மீ. மேலே அது கிளம்ப வேண்டும். இந்த 50 மி.மீ. எங்கும் நல்லது, இங்கே கட்டாயம். நம் போர்களில் மோட்டாரோடு மெல்லிய மணல் ஏறும். அது தொட்டி அடியில் தங்கட்டும், ஹீட்டருக்குள் வர வேண்டாம். தனிப் பைப் இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. நாளைக்குச் சிறிய சாஃப்ட்னர், மழைநீர், காவிரித் தண்ணீர் எதை வேண்டுமானாலும் ஹீட்டருக்கு மட்டும் கொடுக்கலாம். சுவரை உடைக்க வேண்டியதில்லை. தரமான ஹீட்டர் வாங்குவதைவிட இந்த ஒரு பைப் அதிக வருடம் சேர்த்துத் தரும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இரண்டாவது, சூடு. வெந்நீரை 60 டிகிரியில் வைக்கச் சொல்கிறது விதி. தொட்டி சிறியதாக இருந்து, தண்ணீர் மென்மையாகவும் இருந்தால் மட்டுமே 65 வரை போகலாம். கடின நீரில் ஒவ்வொரு டிகிரியும் கூடுதல் காரை என்பதும் இதற்கு ஒரு காரணம். கடையிலிருந்து வரும் ஹீட்டரின் குமிழ் பல நேரம் உச்சத்தில்தான் இருக்கும். முதல் நாளே இறக்கிவிடுங்கள்.

மூன்றாவது, குடிநீர் பைப்பும் போர் பைப்பும் எந்த இடத்திலும் ஒன்று சேரக் கூடாது. நடுவில் வால்வு போட்டிருக்கிறேன் என்பது விதிக்குப் போதாது. காவிரித் தண்ணீரை ஹீட்டருக்குக் கொடுக்க நினைத்தால் 300 லிட்டர் தொட்டி ஒன்றைத் தனியாக வைத்து, நிரப்பும் பைப்பின் வாய் நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே, பைப் விட்டத்தின் இரு மடங்கு உயரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் குளியலறையில் இருக்கிறது. வெந்நீர் ஒரு தொட்டியிலிருந்தும் பச்சைத் தண்ணீர் இன்னொரு தொட்டியிலிருந்தும் வரும் மிக்சரில், முனையில் ஹேண்ட் ஷவரை மட்டும் மூடிவிட்டு இரண்டு குமிழையும் திறந்தே விட்டால், உயரத்திலிருக்கும் தொட்டித் தண்ணீர் மற்றதற்குள் ஏறும். சத்தமில்லாமல் உங்கள் ஹீட்டருக்குள் உப்புத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். இரண்டு தண்ணீர் வைத்தால் மிக்சர் வேண்டாம், தனித்தனிக் குழாய் போடுங்கள்.

மழைநீரை மறக்காதீர்கள். வருடத்துக்கு 800 மி.மீ. மழை என்று வைத்தால், 100 சதுர மீட்டர் மாடி, வீணாவது போக ஏறத்தாழ 64,000 லிட்டர் தரும். பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள். ஹீட்டருக்கு மட்டும் நாளுக்கு 100 லிட்டர் என்றால், 10,000 லிட்டர் தொட்டி கட்டினாலே மழை ஓய்ந்த பிறகும் மூன்று மாதம், அதாவது வெந்நீர் அதிகம் தேவைப்படும் பனிக்காலம் முழுக்க, காரையும் குளோரைடும் இல்லாத தண்ணீர்.

பைப்பைப் பொறுத்தவரை ஹீட்டர் லைனுக்கு ஜிஐ எனும் துத்தநாகம் பூசிய இரும்புப் பைப் வேண்டாம், இந்தத் தண்ணீரில் துரு பிடித்து அடைக்கும். வெள்ளை யுபிவிசி வெந்நீரில் தொய்ந்துபோகும். ஐ.எஸ். 15778 முத்திரையுள்ள, வெந்நீர் தாங்கும் சிபிவிசி பைப்பில் எஸ்டிஆர் 11 என்ற கன வகையைப் போடுங்கள். 35 டிகிரி சூடு ஏறினால் 3 மீட்டர் பைப் ஏறத்தாழ 7 மி.மீ. நீளும், சிமென்ட் வைத்து இறுக்கமாகப் பூசாமல் நீள இடம் விடுங்கள். திருகு மூட்டுகளில் டெஃப்ளான் டேப் மட்டும். இன்லெட், அவுட்லெட் இரண்டிலும் யூனியன் எனும் கழற்றி மாட்டும் மூட்டு இருந்தால் ஹீட்டரைக் கழற்றும்போது சுவரில் கை வைக்க வேண்டியதில்லை.

ஹீட்டர் போட்டால் குழாயைத் தொடும்போது சுரீர் என்கிறது. பைப் எல்லாம் பிளாஸ்டிக்தான்.
— வாசகி, தங்கச்சிமடம்

காயில் உறை விரிசல் விட்டிருக்கிறது. பைப் பிளாஸ்டிக் ஆனாலும் உள்ளே இருப்பது உப்புத் தண்ணீர். கரன்ட் தண்ணீர் வழியே உலோகக் குழாய்க்கு வருகிறது. ஹீட்டரை நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியனிடம் மின்கசிவுத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்துக் காயிலுக்கும் உறைக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் காயிலை மாற்றியே ஆக வேண்டும்.

சுரீர் என்றதே உங்கள் வீட்டு எர்த்தும் சரியில்லை, கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லை அல்லது வேலை செய்யவில்லை என்பதற்குச் சாட்சி. இரண்டும் இருந்திருந்தால் உங்கள் கை படும் முன் லைன் விழுந்திருக்கும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். எர்த் குழி விஷயத்தில் நம் மணல் ஏமாற்றும்: மேல்மணல் காய்ந்து கிடந்தால் கரன்ட் இறங்காது; ஈரமும் உப்பும் உள்ள ஆழத்தில் நன்றாக இறங்கும், ஆனால் ஜிஐ பைப்பையே தின்றுவிடும். குறைந்தது 2.5 மீட்டர் பைப் ஈரம் தொடும் வரை இறங்கியிருக்க வேண்டும். மேலே கிளாம்ப் துருப்பிடித்திருக்கிறதா என்று வருடாவருடம் பாருங்கள். எர்த் இல்லாத பிளக்கில் நியூட்ரலையும் எர்த் முனையையும் சேர்த்து முடிந்து வைத்திருந்தால் உடனே பிரிக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் எங்காவது அறுந்த அன்று ஹீட்டரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும்.

2 கிலோவாட் ஹீட்டர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் பிளக், குளியலறைக்கு வெளியே இரண்டு லைனையும் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் போடுங்கள்.

சோலார் ஹீட்டர் எங்கள் தண்ணீருக்கு ஒத்துவருமா?
— வாசகர், சாயல்குடி

வெயிலுக்குக் குறையில்லை, தண்ணீர்தான் சிக்கல். தட்டையான பேனல் வகையில் தண்ணீர் மெல்லிய செம்புக் குழாய்களில் ஓடும். கடின நீர் நேரடியாகப் போனால் சில வருடத்தில் அடைத்துவிடும். அந்த வகைதான் வேண்டுமென்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ளதாக வாங்குங்கள். பேனலில் நல்ல தண்ணீர் மூடிய சுற்றில் ஓடும், உங்கள் தண்ணீர் டேங்கில் மட்டும். கண்ணாடிக் குழல் வகை பரவாயில்லை, குழலைக் கழற்றிக் கழுவலாம். ஆனால் கோடையில் 80 டிகிரியைத் தொடும், அந்த அளவுக்குக் காரையும் இறங்கும். எந்த வகையானாலும் டேங்க் 304 ஸ்டீலா என்று கேளுங்கள். மண்டபம் வாசகருக்குச் சொன்னதுதான் இங்கும். மேலே திறந்திருக்கும் வென்ட் பைப்பை ஒருபோதும் மூடாதீர்கள்.

வளைகுடாவில் வேலை. வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டியே இருக்கும். ஹீட்டரை என்ன செய்துவிட்டுப் போக?
— வாசகர், ஏர்வாடி

எம்சிபியை இறக்கி, இன்லெட் வால்வை மூடி, டேங்கை முழுக்க வடித்துவிட்டுப் போங்கள். நிற்கும் உப்புத் தண்ணீர்தான் ராடையும் டேங்கையும் சத்தமில்லாமல் தின்னும். மாடித் தொட்டியையும் காலி செய்யுங்கள். ஒயர் முனைகளில் உப்புக் காற்று பச்சை பிடிக்கும். கீழ் மூடியை நன்றாக மூடிவையுங்கள். திரும்பி வந்ததும் ஹோஸ் இரண்டையும் பாருங்கள், பின்னல் கம்பியில் துரு தெரிந்தால் மாற்றுங்கள். டேங்கை இரண்டு முறை நிரப்பி வடியுங்கள். மூன்றாம் முறை நிரப்பி, ஆர்சிசிபி பட்டனை அமுக்கிப் பார்த்த பிறகு ஹீட்டரைப் போடுங்கள்.